எடை குறைந்தால் ஒன்றுக்குக் கசிவது நிற்குமா?

மோல்மேன் (பர்மா) மருமகள், 9 ஜூன் 2019

மாமியாருக்கு 69 வயது. 168 பவுண்டு, உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். இருமினாலும் தும்மினாலும் அரிசிப் பையைத் தூக்கினாலும் ஒன்றுக்குக் கசிந்துவிடுகிறது. வெகுநாளாக மறைத்து வைத்திருக்கிறார், எனக்கே இப்போதுதான் தெரியும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு "எடையைக் குறைங்க, சரியாயிடும்" என்றார். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. மாமியாரோ, "வயசான பொம்பளைக்கு இது வழக்கம், எடைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்கிறார். யார் சொல்வது சரி? அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

நாலாம் மாடி (ரங்கூன்) எழுதியவை:

9 ஜூன், இரவு

இரண்டு பேரும் பாதிப் பாதி சரி தங்கச்சி. நிறையப் பேருக்கு இருப்பது உண்மை. அதற்காகச் சும்மா விட்டுவிட வேண்டியதில்லை. எடைக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதும் உண்மை. ஆனால் டாக்டர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எப்போது கசிகிறது?

இருமும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது, குனிந்து தூக்கும்போது கசிந்தால் அது அழுத்தக் கசிவு. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கக்கூஸ் போய்ச் சேருவதற்குள் போய்விட்டால் அது அவசரக் கசிவு. இரண்டும் கலந்திருப்பவர்களும் ஏராளம். நான் கலந்த கூட்டம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மாமியாருக்கு அழுத்தக் கசிவு. எடைக்கு அதிகம் கட்டுப்படுவது அந்த வகைதான். இடுப்பெலும்புக்கு அடியில் தூளித் துணி மாதிரி ஒரு தசை விரிப்பு இருக்கிறது. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். பிள்ளை பெறும்போது அது இழுபட்டுத் தளர்கிறது, மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து மூத்திரக்குழாயைச் சுற்றிய திசு மெலிகிறது. அதற்கு மேல் வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு ராப்பகலாக உட்கார்ந்து அழுத்துகிறது. சும்மா இருக்கும்போதே மூத்திரப்பைக்குள் அழுத்தம் கூடுதல். இருமல் வந்தால் அது ஒரேயடியாக ஏறும், பையின் வாய் மூடித் தாக்குப்பிடிக்க முடிவதில்லை.

வயிற்றில் எடை இறங்கினால் அந்த அழுத்தமும் இறங்கும். சம்பந்தம் இவ்வளவுதான்.

10 ஜூன்

"எவ்வளவு குறைத்தால் எவ்வளவு குறையும், கணக்கு இருக்கா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது.

அமெரிக்காவில் எடை கூடிய, வாரத்துக்குக் குறைந்தது 10 தடவை கசிகிற 338 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2009இல் வெளியானது. ஒரு கூட்டத்துக்கு ஆறு மாதம் உணவும் உடற்பயிற்சியுமாகக் கண்டிப்பான எடைக்குறைப்பு, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் வகுப்பு. முதல் கூட்டம் சராசரியாக 8 சதவீத எடை இழந்தது, அதாவது சுமார் 17 பவுண்டு. அவர்களுக்கு வாரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. வகுப்பு மட்டும் கேட்டவர்களுக்கும் 28 சதவீதம் குறைந்தது, அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். முதல் கூட்டத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த பலன் அழுத்தக் கசிவில்தான் தெளிவாகத் தெரிந்தது. அவசரக் கசிவில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

உங்கள் மாமியாருக்கு 8 சதவீதம் என்றால் பதின்மூன்று பவுண்டுச் சொச்சம். ஒரு வருடம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. கல்யாணப் பெண் எடைக்கு வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

10 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

"சிரித்தால் போய்விடுகிறது என்று நாங்கள் நான்கு பேர் பேசிச் சிரித்து நான்கு பேருக்கும் போய்விட்டது" என்று பெகு அக்கா எழுதியிருக்கிறார். அக்கா, இதைப் படித்து எனக்கும். இனிமேல் முன்னெச்சரிக்கை போட்டுவிட்டு எழுதுங்கள்.

13 ஜூன்

"என் அத்தை துரும்பாக இருக்கிறார், 90 பவுண்டு கூடத் தேறாது, அவருக்கும் கசிகிறதே, கொழுப்புக் கதை எங்கே போயிற்று?" என்று தட்டோன் தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, கொஞ்சம் கோபமாகக் கேட்டிருந்தாலும்.

கொழுப்பு ஒரு காரணம். அதுவே எல்லாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒல்லியானவர்களுக்கு வருவதற்கு வேறு வழிகள் உண்டு. நிறையப் பிரசவம், வருடக்கணக்காக மலச்சிக்கலோடு முக்குவது, ஓயாத இருமல், கருப்பை இறக்கம், நரம்புக் கோளாறு, பக்கவாதம் வந்து பிழைத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தசை. வயதான ஒல்லி உடம்பில் கொழுப்பு இல்லை என்று நாம் மகிழ்கிறோம், தசையும் இல்லை என்பதைப் பார்ப்பதில்லை. அத்தையால் ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறதா? நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா? கேலிக்குக் கேட்கவில்லை. பார்த்துவிட்டு எழுதுங்கள், காரணம் சொல்கிறேன்.

14 ஜூன்

தம்பி பதில் போட்டுவிட்டார். அத்தையால் இரண்டுமே முடியவில்லையாம். சரி, காரணம் இதோ.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க், மெம்பிஸ் நகரங்களில் எழுபதுகளில் இருக்கும் முதியவர்களின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கைப்பிடி எவ்வளவு வலு என்றெல்லாம் அளந்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் 1,475 பெண்களின் கசிவுக் கணக்கை மட்டும் எடுத்து 2017இல் வெளியிட்டார்கள். தொடக்கத்திலேயே அழுத்தக் கசிவு 14 சதவீதம் பேருக்கு, அவசரக் கசிவு 16 சதவீதம் பேருக்கு இருந்தது. உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், BMI) மூன்று வருடத்தில் 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தவர்களுக்கு அழுத்தக் கசிவு புதிதாக வருவதோ தொடர்வதோ ஏறத்தாழப் பாதியாக இருந்தது. கைப்பிடி வலு அதே அளவு குறைந்தவர்களுக்கு அது கூடுதலாக இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை இறங்கினால் நல்லது, வலு இறங்கினால் கெடுதல். ஆக எடை இறங்கும்போது என்ன இறங்குகிறது என்பதுதான் கேள்வி. தராசு அதைச் சொல்லாது.

இதைச் சொல்லாமல் ஒரு வயதான அம்மாவிடம் "எடையைக் குறை" என்று மொட்டையாகச் சொன்னால் என்ன ஆகும்? எங்கள் தெருவிலேயே நடந்தது. ஓர் அம்மா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார், பகலில் கஞ்சி, வெள்ளிக்கிழமை முழுப் பட்டினி. பவுண்டு மளமளவென்று இறங்கியது. எல்லாரும் பாராட்டினார்கள். ஆறேழு மாதத்தில் மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து எழ வேண்டியதாயிற்று. கன்னம் ஒட்டிப்போனது, வயிறு மட்டும் அப்படியே. கசிவும் அப்படியே. கூடவே கக்கூஸுக்கு வேகமாக நடக்க முடியாத கால்களும் வந்து சேர்ந்தன. அந்த அம்மாவுக்குக் கொழுப்பைவிடத் தசைதான் அதிகம் போயிற்று என்பது என் கணிப்பு. அளந்து பார்க்க இங்கே யாரிடமும் வசதி இல்லை.

16 ஜூன்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ எடையே குறைக்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். ஐயோ. குறையுங்கள், தின்றுகொண்டே குறையுங்கள். சோற்று மலையைப் பாதியாக்குங்கள். லபேயே கடையில் (பர்மிய டீக்கடை) கன்டென்ஸ்டு மில்க் ஊற்றிய டீ, கூடவே சீனி தூவிய பலாத்தா (பரோட்டா), இதை நாள் தவறாமல் சாப்பிடுகிறவர்கள் அதை வாரத்துக்கு ஒரு நாளாக்குங்கள். பருப்பு, மீன், முட்டை, டோஃபு, காலையில் தெருவில் கூவிக்கொண்டு வரும் முளைவிட்ட வேகவைத்த பட்டாணி, இவற்றைக் குறைக்காதீர்கள். வயதானவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

வலுவுக்கு: நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, மறுபடி உட்காருவது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்குவது. முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். எழும்போது மூச்சை விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கி எழுந்தால் அங்கேயே கசியும்.

17 ஜூன்

இடைச்செருகல். மோல்மேன் தங்கச்சி, மாமியார் எப்படி மறைத்தார் என்று ஆச்சரியப்பட்டிருந்தீர்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. கறுப்பு, கரும்பச்சைத் தமேனாக (பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் துணி) பார்த்துக் கட்டுவார்கள், ஈரம் தெரியாது. ஆனால் துவைத்த தமேனை இந்த ஊரில் நினைத்த இடத்தில் காயப்போட முடியாதே. ஆம்பிளைகள் தலைக்கு மேல் தொங்கக்கூடாது, முன்பக்கக் கம்பியில் போடக்கூடாது, பின்பக்கம் தாழ்வாகத்தான் போட வேண்டும். இத்தனை வருடம் பர்மாக்காரர்களோடு இருந்து நாமும் அதே பழக்கத்துக்கு வந்துவிட்டோம். ஒரே நாளில் மூன்று தமேன் பின்பக்கக் கயிற்றில் தொங்கினால் மருமகளுக்குக் கணக்குத் தெரிந்துவிடும் என்று, ஈரத்தோடு சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வாடையும் அரிப்பும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. நீங்கள் கேட்டதற்கு அவர் வாய் திறந்தாரே, அதுவே பெரிது.

அப்புறம் கோயில். முன்பெல்லாம் அபிஷேகம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது வாசலில் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள், கேட்டால் முழங்கால் வலி என்பார்கள். சிலருக்கு முழங்கால்தான். எல்லாருக்கும் இல்லை.

21 ஜூன்

அடித்தசைப் பயிற்சி, அதாவது அந்தத் தூளித் துணித் தசைக்கான பயிற்சி பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. எழுதிவிடுகிறேன்.

1948இல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் எழுதிப் பிரபலமாக்கியது. காற்றுப் பிரியாமல் அடக்குகிறோமே, அந்தத் தசையை உள்ளே, மேலே இழுங்கள். சில நொடி பிடித்து முழுசாக விடுங்கள். ஒரு தடவைக்கு எட்டு, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பிட்டத்தை இறுக்குவது, தொடையை நெருக்குவது, மூச்சைப் பிடிப்பது, வயிற்றை முன்னே தள்ளுவது எல்லாம் தவறு. ஒன்றுக்குப் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்வார்கள் சிலர். எந்தத் தசை என்று கண்டுபிடிக்க ஒரு தடவை செய்யலாம், வாடிக்கையாகச் செய்யாதீர்கள், பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

மூன்று மாதம் என்றதும் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள் என்று தெரியும். அவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. இருமல் வருவதற்குச் சற்று முன், தும்மல் மூக்கில் ஏறும்போதே, தூக்குவதற்கு முன், அந்தத் தசையை இறுக்கிக்கொண்டு அதற்கப்புறம் இருமுங்கள். 1998இல் மிச்சிகனில் சராசரி 68 வயதுள்ள 27 பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து, ஒரே வாரம் கழித்து இரும வைத்து அளந்தார்கள். நடுத்தர இருமலில் கசிவு 98 சதவீதம், பலத்த இருமலில் 73 சதவீதம் குறைந்தது. லேசான, நடுத்தரமான கசிவு உள்ளவர்கள்தான் அவர்கள், எல்லாருக்கும் இந்த அளவு எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இது கைகொடுத்தது. எடை இறங்குவதற்கு முன்பே கைகொடுத்தது.

22 ஜூன்

"ஆன்லைனில் நாற்காலி மாதிரி மெஷின் விற்கிறார்கள், உட்கார்ந்தால் தானாகத் தசை சுருங்குமாம், வாங்கலாமா?" என்கிறார் ஒருவர். அந்தக் காசில் வருடம் முழுக்க முட்டை வாங்கலாம் என்பேன்.

30 ஜூன்

மழை பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்க இருமல். அதையொட்டி ஒன்று நினைவுக்கு வந்தது. டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக்கொடுத்த காலத்தில் கவனித்தது.

ரத்தக்கொதிப்புக்கு எனலாப்ரில் என்ற மாத்திரை நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள், மலிவு. அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்துகொண்டே இருக்கும், இருமல் மருந்து எதற்கும் அடங்காது. ஒரு நாளைக்கு எத்தனை இருமலோ அத்தனை கசிவு. ஓர் அம்மா இரண்டு டாக்டரிடம் போனார். ஒருவர் இருமலுக்கு சிரப் எழுதினார், இன்னொருவர் கசிவுக்கு எடையைக் குறைக்கச் சொன்னார். மாத்திரையை மாற்றியதும் இரண்டும் அடங்கின.

தானாக நிறுத்திவிடாதீர்கள், கொதிப்பு ஏறினால் பக்கவாதம் வரும். "இந்த மாத்திரையால் இருமலா, வேறு வகை மாற்றலாமா" என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். வேறு வகை இருக்கிறது.

ஒரு டாக்டருக்கு முன்னால் உட்காரும்போது சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். நீர் பிரிக்கும் மாத்திரை, சர்க்கரைக்குக் கொடுக்கும், சர்க்கரையை மூத்திரத்தில் வெளியேற்றுகிற மாத்திரை, இவையும் கசிவைக் கூட்டும். மாமியாருக்குச் சர்க்கரை பார்த்தீர்களா தங்கச்சி? அந்த எடைக்கு அந்த வயதில் பார்க்காமல் இருக்கக்கூடாது. சர்க்கரை ஏறியிருந்தால் மூத்திரத்தின் அளவே கூடும்.

3 ஜூலை

மாமியாருக்குச் சர்க்கரை பார்த்திருக்கிறார்கள், கொஞ்சம் கூடுதலாம். சரி, எடை குறைக்க இன்னொரு காரணமும் ஆயிற்று.

8 ஜூலை

அவசரக் கசிவுக்காரர்கள் "எங்களை மறந்துவிட்டீர்கள்" என்று மனு கொடுத்திருக்கிறார்கள். மறப்பேனா, நானே அந்தக் கட்சி.

எனக்கு எடை இறங்கியது. இருமல் கசிவு கிட்டத்தட்டப் போய்விட்டது. அவசரம் மட்டும் போகவே இல்லை. நாலாம் மாடி. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், படி செங்குத்து. கீழே வரும்போது ஒன்றும் இருக்காது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் சாவியைக் கையில் எடுப்பேன், பூட்டுக் கண்ணில் பட்டதும் முட்டிக்கொண்டு வரும். இரும்பு கேட்டுக்கு ஒரு பூட்டு, மரக்கதவுக்கு ஒரு பூட்டு. உள்ளே போனால் கக்கூஸ் எங்கே? இந்த ஊர் வீடுகள் தெரியுமே, பன்னிரண்டடி அகலத்துக்கு நீட்டு வீடு, ஹால் தாண்டி, அறை தாண்டி, அடுப்பங்கரை தாண்டிக் கடைசியில் கக்கூஸ். கட்டியவன் மூத்திரம் முட்டாத மகராசன்.

இதற்கு ஓடக்கூடாது என்பதுதான் பாடம். அவசரம் ஏறும்போது அப்படியே நின்று, அல்லது உட்கார்ந்து, அந்த அடித்தசையைப் பட்பட்டென்று நாலைந்து தடவை இறுக்கிவிட்டால் மூத்திரப்பை கொஞ்சம் அடங்கும். அந்த வேகம் தணிந்ததும் நிதானமாக நடந்து போக வேண்டும். முதலில் நம்பிக்கையே வரவில்லை. பூட்டுக்கு முன்னால் நின்று தசையை இறுக்கிக்கொண்டு இருக்கும்போது எதிர்வீட்டுச் சீனக் கிழவர் கதவைத் திறந்து "என்ன, சாவி தொலைந்துவிட்டதா" என்று பர்மியத்தில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பாவம், இரண்டு நாள் படியெல்லாம் தேடினார்.

இரண்டாவது, இடைவெளியை நீட்டுவது. மணிக்கொரு தடவை போகிறவர்கள் இன்னும் பதினைந்து நிமிடம் தள்ளிப்போட்டுப் பழகுங்கள், அது பழகியதும் இன்னொரு பதினைந்து. "வெளியே போகிறோமே, எதற்கும் ஒரு தடவை போய்விடுவோம்" என்று முட்டாமலே போய்ப்போய் நாம்தான் பையைச் சுருக்கிப் பழக்கியிருக்கிறோம். நீண்ட பஸ் பயணத்துக்கு முன் போவதை நான் சொல்லவில்லை, அந்த ஆறு மணி நேரத்தில் டிரைவர் எங்கே நிறுத்துவாரோ அவருக்கே வெளிச்சம்.

9 ஜூலை

விட்டுப்போனது: தேநீர். காபியிலும் டீயிலும் இருக்கும் கஃபீன் அவசரத்தைக் கிளப்பும். பாலூற்றிய டீயை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, கடை மேசையில் சும்மா வைத்திருக்கும் பச்சைத் தேநீர் பிளாஸ்க்கைத் தண்ணீர் என்று நினைத்துக் கோப்பை கோப்பையாகக் குடிக்கிறோம். அதுவும் தேநீர்தான்.

தண்ணீரை ஒரேயடியாக நிறுத்துவதும் தப்பு. மூத்திரம் கெட்டியாகி எரிச்சல் கூடும், மலச்சிக்கல் வரும், முக்குவீர்கள், அடித்தசை இன்னும் தளரும். பகலில் குடியுங்கள், படுக்கும் முன் இரண்டு மூன்று மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் வெயிலில் தண்ணீரைக் குறைத்து மயங்கி விழுந்தவர்களைப் பார்த்தாயிற்று.

19 ஜூலை

"ஆசியர்களுக்கு எடைக் கணக்கு வேறாமே?" ஆமாம். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23இலேயே கவனிக்கத் தொடங்க வேண்டும், 27.5 தாண்டினால் ஆபத்து அதிகம் என்று எழுதியது. ஐந்தடிப் பெண்ணுக்கு 23 என்பது சுமார் 118 பவுண்டு, 27.5 என்பது 141. நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றில் சேரும். அதனால் இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், அதற்கு மேல் போனால் வயிற்றுக் கொழுப்பு கூடுதல் என்று கணக்கு. தொப்புள் உயரத்தில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டபின் படியுங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பவர்களுக்கு டேப் உதவாது.

உடல் நிறைக் குறியீடு 5 கூடினால் கசிவு வாய்ப்பு 20 முதல் 70 சதவீதம் வரை கூடுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறார்கள். இருபதுக்கும் எழுபதுக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். இப்படி ஓர் எண்ணை வைத்துக்கொண்டு தனி ஒருத்திக்கு "இவ்வளவு குறைத்தால் இத்தனை நாளில் நிற்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2 ஆகஸ்ட்

பெகு அக்காவுக்கு: மாதவிலக்கு நின்றபின் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை கசிவுக்கு உதவுமா என்று கேட்டீர்கள். வாயில் விழுங்கும் மாத்திரையால் கசிவு கூடியதாகத்தான் அமெரிக்காவில் பெரிய ஆய்வில் தெரிந்தது, 2005இல் வெளியானது. பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் வேறு, வறட்சியும் அவசரமும் உள்ளவர்களுக்கு அது உதவுகிறது. பெண் டாக்டரிடம் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதைச் சொல்லாமல் வாங்கக்கூடாது.

அவசரக் கசிவுக்கு ஆக்ஸிபியூட்டினின் என்ற மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டதும் தருகிறார்கள். வயதானவர்களுக்கு அது வாய் வறட்சி, மலச்சிக்கல், குழப்பம் எல்லாம் தரும். ஏற்கெனவே மறதி உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். பாட்டி திடீரென்று பேரன் பெயரை மாற்றிக் கூப்பிட்டால் வயதைக் குறை சொல்வதற்கு முன் மாத்திரைப் பட்டையைப் பாருங்கள்.

எடைக்கும் பயிற்சிக்கும் காத்திருக்கக்கூடாத சில உண்டு. மூத்திரத்தில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், முட்டியும் போக முடியாமை, கால் மரத்துப்போய்க் கூடவே கசிவு, கீழே ஏதோ உருண்டையாக வெளியே வருவது. இதில் எது இருந்தாலும் உடனே போக வேண்டும்.

18 ஆகஸ்ட்

மோல்மேன் தங்கச்சி எழுதியிருக்கிறார்: மாமியார் ஆறு பவுண்டு இறங்கியிருக்கிறாராம், நாற்காலிப் பயிற்சியை டிவி தொடருக்கு நடுவே விளம்பரம் வரும்போதெல்லாம் செய்கிறாராம், கசிவு "கொஞ்சம் தேவலை"யாம். எவ்வளவு தேவலை என்று தெரிய ஒரு காரியம் செய்யுங்கள். மூன்று நாளைக்கு ஒரு தாளில் எப்போது குடித்தார், எப்போது போனார், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று குறியுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பேத்தியிடம் கோடு போடச் சொல்லுங்கள். அடுத்த தடவை அந்த டாக்டரிடம் பேசுவதற்குப் பதில் அந்தத் தாளை நீட்டுங்கள். தாளைக் கொடுத்தால் டாக்டர்கள் படிக்கிறார்கள், வாயால் சொன்னால் கடிகாரம் பார்க்கிறார்கள்.

19 ஆகஸ்ட்

கடைசியாகத் தட்டோன் தம்பி கேட்டது: அத்தைக்குப் பகலில் பரவாயில்லை, ராத்திரி மட்டும் நாலைந்து தடவை எழுகிறார். தம்பி, சாயங்காலம் அத்தையின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் பகல் முழுக்கக் காலில் நீர் இறங்கி நிற்கிறது, படுத்ததும் அது ரத்தத்தில் ஏறி ராத்திரி மூத்திரமாக வருகிறது. அம்லோடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கால் வீக்கம் அடிக்கடி வரும். இதயம், சிறுநீரகம் கெட்டிருந்தாலும் வரும், அதனால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். மத்தியானம் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். ஙாப்பியையும் (புளிக்கவைத்த உப்பு மீன் விழுது) கருவாட்டையும் ராத்திரிச் சாப்பாட்டில் குறையுங்கள், உப்பு தாகத்தைக் கிளப்பும்.

கரன்ட் போகிற ஊர், ராத்திரி எழுந்து ஓடித்தான் இடுப்பெலும்பை உடைத்துக்கொள்கிறார்கள். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை வழியில் இருக்கும் ஸ்டூல், அரிசி டின், செருப்பு எல்லாவற்றையும் இன்றைக்கே ஓரம் தள்ளுங்கள். தலைமாட்டில் டார்ச். முடிந்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி போட்ட வாளி, அதில் வெட்கம் என்ன.

டார்ச் பேட்டரியைப் பேரப்பிள்ளைகள் எடுத்திருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.